"உனக்குப் பால் இல்லைம்மா" என்று சொல்வதற்கு முன்னால்

குறைமாதக் குழந்தை என்.ஐ.சி.யு.வில், அதாவது பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில். அம்மா வேறு மாடியில், பிரசவ வார்டில். மூன்றாம் நாள் யாராவது வந்து மார்பை அழுத்திப் பார்த்துவிட்டு "உனக்குப் பால் இல்லைம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வீட்டிலிருந்து பூண்டும் பால்சுறாவும் வந்து இறங்கும். சாப்பிடட்டும், நல்லதுதான். ஆனால் அந்த மூன்று நாளில் ஒரு தடவையாவது பாலைப் பீய்ச்சச் சொன்னார்களா என்று யாருமே கேட்பதில்லை.

இந்தத் தாய்மார்களில் பலருக்குப் பால் குறைவது உடம்பில் கோளாறு இருப்பதால் அல்ல, ஆரம்பித்து வைக்க ஆள் இல்லாததால்.

சப்பிக் குடிக்கக் குழந்தை பக்கத்தில் இல்லாதபோது அந்த வேலையைக் கைதான் செய்யவேண்டும். முடிந்தால் பிரசவமான முதல் மணி நேரத்திலேயே, மிஞ்சிப் போனால் 6 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். சிசேரியனுக்கும் இதே கணக்குதான். படுத்தபடியே நர்ஸ் எடுத்துவிடலாம். அப்புறம் 24 மணி நேரத்தில் 8 முதல் 10 தடவை. ராத்திரி ஒரு தடவையாவது கட்டாயம், ஏனென்றால் பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் அதிகம். "மார்பு நிறையட்டும், எடுக்கலாம்" என்று காத்திருப்பதுதான் கெடுக்கிறது. தேங்கி நிற்கும் பாலே சுரப்பைக் குறைத்துவிடும்.

முதல் இரண்டு நாள் பம்ப்பைவிடக் கையே மேல். சீம்பால் கெட்டியாகச் சொட்டுச் சொட்டாக வரும், பம்ப்பில் எடுத்தால் பாதி, மார்பில் பொருத்தும் புனலிலேயே ஒட்டிக்கொள்ளும். கை கழுவிவிட்டு, காம்பிலிருந்து 3, 4 செ.மீ. தள்ளி மேலே கட்டைவிரல், கீழே ஆள்காட்டி விரல். முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே தள்ளி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அழுத்தி, விட வேண்டும். விரல் தோல்மேல் வழுக்கக் கூடாது. காம்பைப் பிடித்து இழுத்தால் புண்தான் மிச்சம். வரும் சொட்டை ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்சில் உறிஞ்சிக்கொள்ளலாம். 0.2 மி.லி.தான் வந்தது என்று துடைத்துப் போடாதீர்கள். கன்னத்துக்கு 0.1 மி.லி. வீதம் குழந்தையின் வாய்க்குள் தடவ அது போதும்.

பால் இறங்கிய பிறகு எலெக்ட்ரிக் பம்ப், இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில், 15-20 நிமிடம். காம்பு ஓரத்தில் உரசினால் புனல் சின்னது. கருவளையம் நிறைய உள்ளே இழுபட்டால் பெரிது. உறிஞ்சும் வேகத்தை வலிக்கும்வரை கூட்டினால் பால் அதிகமாகாது, வலியில் பால் இறங்குவதே தடைபடும். கங்காரு முறையில் குழந்தையை நெஞ்சோடு வைத்திருந்துவிட்டு உடனே பாலை எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இரண்டாம் வார முடிவில் நாளுக்கு 500 மி.லி. தாண்டினால் நிம்மதி. 350-க்குக் கீழே இருந்தால் அன்றைக்கே காரணம் தேட வேண்டும்: இரவு இடைவெளி நீண்டதா, பம்ப்பின் வால்வு கிழிந்ததா, நஞ்சுக்கொடித் துண்டு கருப்பையில் தங்கிவிட்டதா, தைராய்டா. பால் சுரப்பைக் கூட்டத் தரும் டாம்பெரிடோன் மாத்திரை அதற்கெல்லாம் பிறகுதான். இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடிய மருந்து, டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாது.

தாய்ப்பால் வங்கிகள் வந்தது நல்லதுதான். ஆனால் மற்றத் தாய்மார்கள் தானமாகத் தந்த அந்த வங்கிப் பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கித்தான் தருவார்கள். சொந்த அம்மாவின் புதுப்பாலில் இருக்கும் உயிருள்ள செல்கள் அதில் இருக்காது. வங்கி திறக்கும் மருத்துவமனைகள் என்.ஐ.சி.யு. வாசலில் சாய்வு நாற்காலி நான்கு, ஒரு திரை, ஒரு பம்ப், பெயர் ஒட்டிப் பாலை வைக்க ஒரு ஃப்ரிட்ஜ் என்று முதலில் போடட்டும். குழந்தையை உள்ளே வைத்துக்கொண்டு அம்மாவை மட்டும் டிஸ்சார்ஜ் செய்யும்போது, மாத்திரைச் சீட்டோடு பால் எடுக்கும் நேர அட்டவணையையும் கையில் கொடுத்து அனுப்பட்டும்.