எதிரே நிற்கிற ஆளைப் பார்த்து "பென்ஷனர் வரலையா?"

நவம்பர் பிறந்தாலே வயிறு கலங்குகிறது. லைஃப் சர்டிபிகேட், அதாவது பென்ஷன் வாங்குகிறவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்கிற சான்று. அப்பா ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், அவருக்குப் பிறகு அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன். 2014லேயே ஜீவன் பிரமாண் என்கிற டிஜிட்டல் லைஃப் சர்டிபிகேட் வந்துவிட்டது, கைரேகை வைத்தால் போதும் என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். வைத்தோம். அறுபது வருஷம் பாத்திரம் தேய்த்த விரல், ரேகையே மிச்சமில்லை, நாலு தடவை அழுத்தியும் அந்த மெஷின் ஏற்கவில்லை. அதனால்தான் நேரில் போனோம்.

கொட்டுகிற மழையில் மேற்கு மாம்பலத்திலிருந்து ஆட்டோ பிடித்து, ஈரப் படியில் அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றி, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கவுண்டருக்குப் போனால், அந்தத் தம்பி தலையே நிமிரவில்லை. மடியில் போன், அதில் ஏதோ வீடியோ, யாரோ கெக்கெக்கே என்று சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்கிறது. "பேர் என்னம்மா?" அம்மா சொன்னார். கட்டைவிரல் மேலே தள்ளியது, அடுத்த வீடியோ. "பேர் சொல்லுங்கம்மா." மறுபடி சொன்னார். இன்னொரு வீடியோ. அப்புறம் ஃபாரத்தைப் புரட்டிக்கொண்டே என்னிடம் கேட்கிறார்: "பென்ஷனர் வரலையா சார்?"

இரண்டு அடி தூரத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாக்கிங் ஸ்டிக்கை ஊன்றிக்கொண்டு நிற்கிறார் அம்மா! இந்தச் சான்றே எதற்கு? இந்த மனுஷி உயிரோடு இருக்கிறார் என்று ஒருவர் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடத்தானே? பார்ப்பது ஒன்றுதான் அங்கே வேலை, அதைத்தான் அவர் செய்யவில்லை.

நான் குரலை உயர்த்தியதும் சொன்னார், "டென்ஷன் ஆகாதீங்க சார், அட்டெண்ட் பண்ணிட்டுத்தானே இருக்கேன்."

அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட்டெண்ட், அட்டென்ஷன், ஏன் இந்த டென்ஷன்கூட எல்லாமே ஒரே லத்தீன் வினையிலிருந்து வந்தவை. டெண்டெரே என்றால் இழுத்து நீட்டுவது. துணியை இழுத்துக் கட்டுகிற டென்டும் அதிலிருந்துதான். அதற்கு முன்னால் 'நோக்கி' என்கிற 'அட்' சேர்ந்தால் அட்டெண்டெரே, அதாவது மனசை ஒருவரை நோக்கி நீட்டுவது. 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்கு வந்த சொல். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் 'அட்டென்ஷன்' என்று கத்தியதும் விறைத்து நின்றோமே, அந்தச் சொல்தான். நம் ஊரில் இதற்கு லத்தீன் எதற்கு? காது கொடுத்துக் கேள், முகம் கொடுத்துப் பேசு என்று சொல்லித்தானே வளர்த்தார்கள்? கொடு என்றுதான் சொன்னார்கள், அதற்குக் காசு ஒன்றும் ஆகாதே. அந்தத் தம்பி முகத்தையும் கொடுக்கவில்லை, காதையும் கொடுக்கவில்லை, எதை அட்டெண்ட் பண்ணினாராம்?

இதே லத்தீன் சொல் பிரெஞ்சுக்குப் போய் அத்தாந்த்ர் ஆனது. அங்கே அதற்கு 'காத்திருப்பது' என்று அர்த்தம். அதை நாங்கள் செய்தோம். ஒன்றரை மணி நேரம், மூட்டுவலியோடு, எங்கள் டோக்கன் நம்பர் வருகிறதா என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டு.

கடைசியில் சீல் குத்தும்போதும் நிமிரவில்லை. வெளியே வந்ததும் அம்மா கேட்டார், "அந்தப் பையன் என் மூஞ்சியே பாக்கலையேடா, நான்தான்னு அவனுக்கு எப்படித் தெரியும்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ரெண்டு பேரும் மழையில் நின்று சிரித்தோம், வேறு என்ன செய்ய?

அப்புறம் அந்தப் பேனா! அஞ்சு ரூபாய்ப் பேனாவைச் சணலில் கட்டி வைத்திருக்கிறார்கள், சணல் ஒரு சாண்கூட இல்லை, எழுபத்தாறு வயசுக்காரர் இடுப்பு வளைந்து குனிந்து கையெழுத்துப் போட்டால் எழுதவே இல்லை. முடிச்சுப் போட நேரம் இருக்கிறவர்களுக்கு ஒரு ரீஃபில் மாற்ற நேரம் இல்லையா?