படைவீரனின் மனசாட்சியும் லூத்தரின் பதிலும்

போரைத் தொழிலாகக் கொண்டவன் இரட்சிப்படைய முடியுமா என்று ஒரு படைவீரர் எழுப்பிய கேள்விக்குப் பதிலாக, 1526இல் ஜெர்மானியச் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் ஒரு சிறு நூலே எழுதினார். முடியும் என்பது அவருடைய பதில். பைபிளில் ரோமர் 13ஆம் அதிகாரம் சொல்வதுபோல் ஆள்பவரின் கையில் பட்டயத்தைக் கொடுத்தவர் கடவுள் என்றால், குடிகளைக் காக்க அதை ஏந்தும் வீரனின் தொழிலும் பாவமாகாது. ஆனாலும் தன் அரசர் அநியாயப் போருக்கு அழைக்கிறார் என்று உறுதியாகத் தெரிந்தவன், மனிதருக்கு அல்ல, தேவனுக்கே கீழ்ப்படிந்து போகாமல் இருக்க வேண்டும் என்றும் அவர் எழுதினார். லூத்தரை அரசர்களின் கைப்பாவை என்று ஏசுவோர் இந்த இடத்தை வசதியாகத் தாண்டிப்போய்விடுகிறார்கள்.

எனக்கு உறுத்துவது அதற்கடுத்து அவர் சொல்வதுதான். உறுதியாகத் தெரியாதபோது, சந்தேகத்தின் பலனை அரசருக்கே கொடுத்துக் கீழ்ப்படியச் சொல்கிறார். கூலிக்கு ஈட்டி தூக்கிய ஒருவனுக்கு அரச குடும்பங்களின் வாரிசுச் சண்டைகளைப் பற்றி என்ன உறுதி இருந்திருக்க முடியும்? மனசாட்சிக்கு வாசலைத் திறந்துவிட்டு, அதன் வழியே எவரும் போக முடியாதபடி செய்துவிட்டார் என்றே நினைக்கிறேன். கிளர்ந்தெழுந்த விவசாயிகளை வெட்டிச் சாய்க்கும்படி ஆட்சியாளர்களுக்கு அவர் எழுதி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது.

ஐரோப்பாவுக்குள் படையெடுத்து வந்த ஒட்டோமான் துருக்கியர் விஷயத்தில் அவர் இதைவிடத் தெளிவாக இருந்தார். அவர்களை எதிர்ப்பது, அவர்களைக் கொண்டு நம்மைத் தண்டிக்கும் கடவுளையே எதிர்ப்பதாகும் என்ற அவரது தொடக்கக் கருத்து, 1520இல் பாப்பரசர் பத்தாம் லியோ கண்டித்த கூற்றுகளில் ஒன்று. வியன்னா முற்றுகையிடப்பட்ட 1529இல் அவர் போரை ஆதரித்தாலும், அது சிலுவைப் போராக அல்லாமல், குடிகளைக் காக்கும் பேரரசரின் கடமையாக மட்டுமே நடக்க வேண்டும் என்றார். போரின் மீதிருந்த புனிதப் போர்வையை உரித்த இந்த வாதம் மதிக்கத்தக்கது.

இதற்கிடையே, 1527இல், ரோட்டன்பர்க் நகரில் ஹாப்ஸ்பர்க் ஆட்சியின் நீதிமன்றத்தில் நின்றார் மிக்கேல் சாட்லர். முன்னாள் துறவியான இவர், குழந்தை ஞானஸ்நானத்தையும் வாளையும் மறுத்த அனபாப்டிஸ்டுகளின் தலைவர்களில் ஒருவர். துருக்கியர் வந்தாலும் எதிர்க்கக் கூடாது; போர் சரியென்றால், துருக்கியரைவிட, பக்தர்களைக் கொல்லும் பெயரளவுக் கிறிஸ்தவர்களை எதிர்த்தே போரிடுவேன் என்றார். நாக்கை அறுத்து, பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் சதையைப் பிய்த்து, அவரை எரித்தார்கள். சில நாட்களில் அவர் மனைவியை ஆற்றில் மூழ்கடித்தார்கள்.

அவரைக் கொன்றது கத்தோலிக்க அரசுதான். ஆனால் நியாயமான போர் கிறிஸ்தவருக்கு ஆகும் என்று கூறி, அதை மறுக்கும் அனபாப்டிஸ்டுகளைப் பெயர் சொல்லிக் கண்டிக்கிறது, லூத்தர் தரப்பின் அடிப்படை அறிக்கையான 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 16ஆம் பிரிவு. தமிழ்நாட்டு லுத்தரன் சபைகளும் ஏற்கும் அறிக்கை அது. அனபாப்டிஸ்டுகளைத் துன்புறுத்தியதற்காக, அவர்கள் வழிவந்த மெனோனைட்டுகளிடம் உலக லுத்தரன் கூட்டமைப்பு 2010இல் ஸ்டுட்கார்ட்டில் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. 16ஆம் பிரிவின் வாசகம் மட்டும் இன்றும் மாறவில்லை.