வெந்த இட்லியில் உயிருள்ள பாக்டீரியாவா?
‘இட்லி சாப்பிட்டால் மாவிலுள்ள நல்ல பாக்டீரியா நேராகக் குடலுக்குப் போய்ச் சேரும்’ என்று இட்லியைப் பற்றிய ஒரு கட்டுரையில் வருகிறதே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆவியில் கிட்டத்தட்ட 100 டிகிரியில் பத்து நிமிடம் வெந்த பிறகு எந்த பாக்டீரியா உயிரோடு இருக்கும்? அது செய்துவிட்டுப் போன வேலைதான் மிஞ்சும், அதாவது மாவைப் புளிக்க வைத்து, உளுந்திலும் அரிசியிலும் உள்ள பைட்டிக் அமிலம் (இரும்பு போன்ற சத்துகளை உடம்பில் சேரவிடாமல் கட்டிப்போடும் பொருள்) குறைய வழி செய்து, இரும்புச்சத்து உடம்பில் சேர உதவுவது, அதுவே பெரிய விஷயம். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் ஈஸ்ட்தான் மாவைப் பொங்க வைக்கிறது என்கிறார், ஈஸ்டும் இருக்கும், சரி, ஆனால் அங்கே முக்கியமான ஆள் வாயுவை விடும் லூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியா. மலேசியாவில், பினாங்கில் நான் இரவு எட்டு மணிக்கு அரைத்து வைத்தால் விடியுமுன் சட்டி வழிந்து நிற்கும், கேமரன் மலையில் இருக்கும் என் அக்கா அதே அளவில் அரைத்துவிட்டு மறுநாள் மதியம் வரை காத்திருப்பார் (குளிரில் நுண்ணுயிருக்கும் சோம்பல் போல). உயிரோடு உள்ளே போக வேண்டுமென்றால் சூடு காட்டாத மோர், பழைய சோறு, அப்புறம் மலாய்க்காரர் கடையில் வாங்கும் தாப்பாய் (புளிக்க வைத்த சோறு அல்லது மரவள்ளி), அதிலும் வயிற்று அமிலத்தைத் தாண்டி எத்தனை பிழைக்கும் என்பது வேறு கணக்கு.