"இதை இப்படி இழுங்க, அவ்ளோதான்!"

மறுபடியும் ஒரு போட்டோஷாப் பாட வீடியோ, மறுபடியும் அதே சிவப்புக் கார். பளபளன்னு நடுவுல நிக்குது, பின்னாடி சாம்பல் கலர் ரோடு, பக்கத்துல ஒரு ஆள் கிடையாது. "எந்த கலரையும் எந்த கலராவும் மாத்தலாம், ரெண்டே நிமிஷம்!"னு தலைப்பு. வீடியோ நீளம் 11 நிமிஷம். அதைக்கூட மன்னிச்சுடலாம்.

முதல் மூணு நிமிஷம் சுத்துற லோகோ, வணக்கம், மணியை அமுக்கச் சொல்லி மன்றாடல். நாலாவது நிமிஷம் படம் திறக்குது. கர்சர் மெனு மேல எலி மாதிரி ஓடுது. இமேஜ், அட்ஜஸ்ட்மென்ட்ஸ், அப்புறம் என்னமோ ஒண்ணு. கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள ஒரு பெட்டி வந்து நிக்குது. அது ஹியூ/சாச்சுரேஷன், நிறத்தையும் அதோட அடர்த்தியையும் மாத்துற பெட்டி, கன்ட்ரோல் யூ அமுக்கினா வரும். இதைச் சொன்னா வாய் வலிக்குமாம். "இந்த இடத்துக்கு வந்து, இதை எடுத்து, இதை இப்படி இழுங்க." எந்த 'இது'ங்க? பெட்டிக்குள்ள ஹியூ, சாச்சுரேஷன், லைட்னஸ்னு மூணு ஸ்லைடர் இருக்கு!

இழுக்கிறார். கார் பச்சை. இன்னும் இழுக்கிறார். நீலம். ஊதா. திரும்பப் பச்சை. திரும்ப நீலம். எட்டாவது நிமிஷம் வரைக்கும் கார் பச்சோந்தியா மாறிக்கிட்டே இருக்கு. பின்னணியில காதைப் பிளக்கிற டிரம்ஸ் வேற. "பார்த்தீங்களா, எவ்ளோ ஈஸி!"

பார்த்தோம் சாமி. இப்ப கத்துக்க வந்தவங்க கையில இருக்கிற படத்துக்கு வருவோம். அதுல காரெல்லாம் இல்லை. ஒருத்தர் வெள்ளைச் சட்டை போட்டு நிக்கிறார், சட்டையை நீலமாக்கணும். ஹியூவை இழுத்தா சட்டை அசையலை. இந்தக் கடைசி மைனஸ் 180, அந்தக் கடைசி பிளஸ் 180. முகம் பச்சையாச்சு, உதடு நீலமாச்சு, சட்டை மட்டும் தும்பைப்பூ மாதிரி அப்படியே இருக்கு.

ஹியூங்கிறது ஒரு வட்டத்துல இருக்கிற கோணம். சிவப்பு 0, பச்சை 120, நீலம் 240. ஸ்லைடரை இழுக்கும்போது படத்துல உள்ள நிறங்கள் எல்லாம் அந்த வட்டத்துல சுத்துது. வெள்ளை, கறுப்பு, சாம்பல் மூணுக்கும் சாச்சுரேஷன் சுழியம். வட்டத்துல அதுங்களுக்கு இடமே இல்லை, எதைச் சுத்துறது? இதைச் சொல்ல 15 வினாடி போதும். மணியை அமுக்கச் சொல்ல 40 வினாடி எடுத்துக்கிட்டவருக்கு இதுக்கு நேரமில்லை.

வீடியோவுக்குக் கீழ ஒரு பாவப்பட்ட ஜீவன் கேட்டிருக்கு, "வெள்ளைக்கு வொர்க் ஆகலையே?"ன்னு. பதில்: "கலரைஸ் டிக் பண்ணுங்க ப்ரோ." பண்ணினா என்ன ஆகும்? முகம், சுவர், செடி எல்லாத்து மேலயும் ஒரே நீலச் சாயம். சட்டையோட பளிச்சுன்னு இருக்கிற பகுதி அப்பவும் வெள்ளைதான். லைட்னஸ், அதாவது வெளிச்சம், உச்சத்துல இருந்தா எந்த ஹியூவைக் கொடுத்தாலும் வெள்ளையாத்தான் தெரியும். சரின்னு லைட்னஸைக் குறைச்சா மொத்தப் படமும் அழுக்குத் தண்ணியில முக்கி எடுத்த மாதிரி. ரொம்ப நன்றி ப்ரோ.

செய்ய வேண்டியது இதுதான். முதல்ல சட்டையை மட்டும் செலக்ட் பண்ணணும். லேயர்னா படத்து மேல அடுக்குற கண்ணாடித் தாள் மாதிரி. லேயர் பேனல் அடியில பாதி கறுப்பு பாதி வெள்ளையா ஒரு வட்டம் இருக்கும், அதை அமுக்கி சாலிட் கலர். நீலத்தை எடுத்தா, செலக்ஷன் தானாவே மாஸ்க் ஆகிடும், அதாவது நீலம் சட்டையைத் தாண்டாது. லேயரோட பிளெண்ட் மோடை, அதாவது கீழ உள்ளதோட கலக்குற விதத்தை, மல்டிப்ளைக்கு (பெருக்கல்) மாத்தணும். வெள்ளை இருந்த இடத்துல நீலம் உட்காரும், மடிப்போட நிழல் நிழலாவே நிக்கும். நீலம் அடர்த்தியா இருந்தா ஒபாசிட்டியைக் குறைச்சுக்கலாம். கறுப்புச் சட்டைக்கு இது ஆகாது. கறுப்போட எதைப் பெருக்கினாலும் கறுப்புதான். அங்க கர்வ்ஸ்ங்கிற வெளிச்சக் கருவியை வெச்சுச் சட்டையை முதல்ல கொஞ்சம் வெளுக்கணும், இல்லைன்னா வெளிச்சத்தைக் கூட்டுற ஸ்க்ரீன் மோடுல போடணும். 'கலர்'னு ஒரு மோடு இருக்கேன்னு அதுல போய் விழாதீங்க. அது கீழ இருக்கிற வெளிச்சத்தை அப்படியே வெச்சுக்கும், அதனால வெள்ளை வெள்ளையாவே நிக்கும்.

முகம் பச்சையான கதைக்கு ஒரு பதில் உண்டு. பெட்டியில 'மாஸ்டர்'னு இருக்கிற இடத்துல ரெட்ஸ்னு மாத்தினா சிவப்பு மட்டும் மாறும். ஆனா மனுஷத் தோலே சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் நடுவுல கிடக்கிற நிறம். சிவப்புச் சேலையை மாத்தப்போனா கன்னமும் கூடவே மாறும், மாஸ்க் போடாம முடியாது. கார் வீடியோவுல ஒரு ஆள்கூட நிக்காத ரகசியம் இப்ப புரியுதா?

இன்னொரு கொடுமை, இதையெல்லாம் இமேஜ் மெனுவுல போய் நேரா படத்து மேலயே செய்யச் சொல்றது. சேமிச்சு மூடினா பழைய நிறம் போனது போனதுதான். படத்தைத் தொடாம மேல தனி அடுக்கா நிக்கிற அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டோஷாப் 4-லயே வந்தாச்சு, 1996-ல! அதுல செஞ்சா எப்ப வேணா திறந்து மாத்தலாம், வேண்டாம்னா கண் அடையாளத்தை அமுக்கி மறைச்சுடலாம். படம் கிரேஸ்கேல்ல, அதாவது கறுப்பு வெள்ளையில, இருந்தா எந்தச் சிவப்பைப் பூசினாலும் சாம்பல்தான் வரும், இமேஜ், மோட், ஆர்ஜிபின்னு மாத்திட்டு ஆரம்பிக்கணும். இதெல்லாம் எந்தக் கார் சொல்லிச்சு?

பத்தாவது நிமிஷம் போனஸாம். "தங்க எழுத்து." லேயர் ஸ்டைல் பெட்டியைத் திறந்து, இருக்கிற எல்லாத்துலயும் டிக். பெவல் (புடைப்பு), ஸ்ட்ரோக் (ஓரக்கோடு), கிரேடியன்ட் (நிறக்கலப்பு), க்ளோ (ஒளிவட்டம்), ஷேடோ (நிழல்). ஒரு எழுத்து மேல இத்தனை பாரம் ஏத்தலாமா?

அவர் பின்னணி கறுப்பு, அதனால அவுட்டர் க்ளோ தகதகன்னு வந்துச்சு. உங்க பின்னணி வெள்ளைன்னா ஒண்ணுமே தெரியாது. சைஸை 250 வரைக்கும் ஏத்திட்டு மானிட்டரைத் துடைச்சுப் பார்ப்பீங்க. க்ளோவோட மோடு ஆரம்பத்துல ஸ்க்ரீன்லதான் இருக்கும், அது வெளிச்சத்தைக் கூட்டத்தான் தெரிஞ்சது. வெள்ளைக்கு மேல கூட்ட என்ன இருக்கு? நார்மல்னு மாத்தி அடர்த்தியான கலர் கொடுத்தா வரும். அவர் போட்ட ட்ராப் ஷேடோவுக்கு இதே விதி தலைகீழா. அது மல்டிப்ளை, கறுப்புப் பின்னணியில அவருக்கே தெரியலை. ஆனா வாய் மட்டும் "ஷேடோ எப்படி செட் ஆகுது பாருங்க"ங்குது! இந்த லேயர்ல ஷேடோவோட கோணத்தைத் திருப்பினா அந்த லேயர் பெவலும் சேர்ந்து திரும்பும். பேய் வேலை இல்லை, எல்லா லேயருக்கும் ஒரே வெளிச்சக் கோணம் கொடுக்கிற யூஸ் குளோபல் லைட் டிக் ஆகியிருக்கு.

ஸ்ட்ரோக் 10 பிக்ஸல்னார். அவர் எழுதினது தடிச்ச ஆங்கில எழுத்து, தாங்கிச்சு. தமிழ்ல 'ண', 'ஞ' மாதிரி எழுத்துக்குப் போட்டுப் பாருங்க. அவுட்சைடுன்னு வெச்சாலும் சுழிக்குள்ள இருக்கிற ஓட்டையும் ஸ்ட்ரோக்குக்கு வெளிப்பக்கம்தான், அதனால ஓட்டை அடைஞ்சு களிமண் உருண்டை மாதிரி ஆகிடும். சுழியோட அகலத்துல பாதியை ஸ்ட்ரோக் தொட்டா ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வந்து மூடிடும். எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டா சரியாகும்னு டிராக்கிங்கைக் கூட்டினா, 'கொ'வுல கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவுல 'க' அநாதையா நிக்கும். எழுத்தை ரெண்டு மடங்கு பெருசாக்கினா ஸ்ட்ரோக் கூடவே வளராது, அதே 10 பிக்ஸல்லதான் நிக்கும். லேயர் ஸ்டைல் மெனுவுல ஸ்கேல் எஃபெக்ட்ஸ்னு தனியா போய் வளர்க்கணும்.

கடைசியா முத்தாய்ப்பு: வெள்ளையில மஞ்சள் எழுத்து. சுத்த மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் கான்ட்ராஸ்ட் 1.07-க்கு 1. சாதாரண எழுத்து படிக்க 4.5, பெரிய எழுத்துக்கு 3 இருக்கணும்னு இணைய அணுகல்தன்மை விதியே இருக்கு. அப்புறம் "ராஸ்டரைஸ் பண்ணிடுங்க"ன்னு ஒரு உத்தரவு. அதுக்கப்புறம்தான் எழுத்துப்பிழை கண்ணுல படும், திருத்த எழுத்தே இருக்காது, வெறும் பிக்ஸல். எழுத்தை உள்ளேயே பத்திரமா வெச்சுக்கிற ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டா மாத்தியிருந்தா இந்த அழுகை கிடையாது. கூடவே குறைஞ்ச தரத்துல ஜேபெக்ல சேமிக்கிறார். ஜேபெக் இடத்தை மிச்சம் பிடிக்க, வெளிச்சத்தை விட நிறத் தகவலைத்தான் அதிகமா வெட்டும். சிவப்பு எழுத்தோட ஓரம் கசிஞ்சு நிக்கிறது அதனாலதான். எதையும் வெட்டாத பிஎன்ஜின்னு ஒண்ணு இருக்குங்க.

போகட்டும். சட்டை வெள்ளையாவே இருக்கட்டும், வெள்ளைச் சட்டைக்கு என்ன குறைச்சல்? ஹூம்.

ஆனா அளவை மாத்தும்போது சொன்ன அந்த ஷிஃப்ட் கீ! "ஷிஃப்டைப் பிடிச்சுக்கிட்டு மூலையை இழுங்க, ஷேப் மாறாது." 2018 அக்டோபர்ல வந்த பதிப்புலேர்ந்து இது தலைகீழ். சும்மா இழுத்தா ஷேப் மாறாது, ஷிஃப்டைப் பிடிச்சாத்தான் மாறும். பழையபடி வேணும்னா பிரிஃபரன்ஸஸ்ல ஜெனரல் பக்கத்துல யூஸ் லெகசி ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்ம்னு ஒரு டிக் இருக்கு. பிள்ளைங்க அவர் சொன்னபடியே ஷிஃப்டைப் பிடிச்சு இழுக்குதுங்க. தங்க எழுத்து நசுங்கி, வெள்ளைச் சட்டைக்காரர் தொந்தியும் தொப்பையுமா விரிஞ்சு நிக்கிறார். அந்தப் பக்கம் இன்னும் டிரம்ஸ் ஓடிக்கிட்டே இருக்கு.

"பார்த்தீங்களா, எவ்ளோ ஈஸி!"