பதினேழு வருஷம் கழித்து வந்த முதலிடம்

ஆல் டைம் லோவின் 'மான்ஸ்டர்ஸ்' பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒருவர், "அது பிளாக்பேர் புண்ணியத்தில் ஓடிய பாட்டு" என்று முடித்துவிடுகிறார். அந்தப் பாட்டில் விருந்தாளியாக வந்து பாடிய ராப் பாடகர்தான் பிளாக்பேர். நேற்று ஒரு நண்பரும் அதையே சொன்னார். அரைமணி நேரம் அவரோடு வாதாடியும் மனசு ஆறவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பால்டிமோருக்குப் பக்கத்தில் இருக்கிறது டவ்சன். அந்த வட்டாரத்துப் பள்ளிப் பையன்கள் 2003-ல் ஆரம்பித்த பாப்-பங்க் (வேகமான கிட்டாரும் பாப் மெட்டும் கலந்த ராக்) பேண்ட்தான் ஆல் டைம் லோ. அலெக்ஸ் காஸ்கார்த் பாடுவார், ஜாக் பாரக்காட் கிட்டார், ஸாக் மெரிக் பேஸ், ரையன் டாசன் டிரம்ஸ். கோடை வந்தால் வார்ப்டு டூர் என்ற ராக் இசைப் பயணம். ஊர் ஊராகப் போய், கார் நிறுத்தும் மைதானத்தில் மேடை போட்டு, உச்சி வெயிலில் அரைமணி நேரம் வாசித்துவிட்டு, அப்புறம் கூடாரத்தில் நின்று ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போடுகிற வாழ்க்கை. இவர்களுடைய ரசிகர் கூட்டம் அப்படி ஒவ்வொருவராகச் சேர்ந்தது.

அந்தக் கூட்டத்தின் பலம் ஆல்பம் பட்டியலில் நன்றாகவே தெரியும். 2009-ல் 'நத்திங் பெர்சனல்' அமெரிக்க ஆல்பம் பட்டியலான பில்போர்ட் 200-ல் 4-ஆம் இடம். 2015-ல் 'ஃபியூச்சர் ஹார்ட்ஸ்' அதே பட்டியலில் 2-ஆம் இடம், பிரிட்டனில் முதலிடம். ஆனால் ஆல்பம் பட்டியலை உயிரைக் கொடுக்கும் ரசிகர்கள் மட்டுமே அசைத்துவிட முடியும். வெளியான வாரத்திலேயே அத்தனை பேரும் வாங்கினால் போதும், பேண்ட் உச்சிக்குப் போய்விடும்.

ரேடியோ அப்படி இல்லை. பில்போர்டின் ஆல்டர்நேட்டிவ் ஏர்பிளே பட்டியல், ஆல்டர்நேட்டிவ் ராக் போடும் ரேடியோ நிலையங்கள் ஒரு பாட்டை வாரத்தில் எவ்வளவு ஒலிபரப்புகின்றன என்பதைக் கணக்கிடுவது. காரில் போகிறவர், கடையில் வேலை செய்கிறவர், பேண்டின் பெயரே தெரியாதவர் எல்லாரும் அங்கே கேட்கிறார்கள். பாட்டுப் பிடிக்காவிட்டால் கை உடனே அடுத்த நிலையத்துக்குப் போய்விடும். ஆட்கள் நழுவுவது தெரிந்தால் நிலையமும் பாட்டைத் தூக்கிவிடும். இப்படிப்பட்ட இடத்தில் 'மான்ஸ்டர்ஸ்' மொத்தம் 18 வாரம் முதலிடத்தில் இருந்தது. நாலு மாசத்துக்கும் மேல்! ஃபூ ஃபைட்டர்ஸின் 'தி பிரிடெண்டர்' நின்றதும் 18 வாரம்தான். போர்ச்சுகல். தி மேன் பேண்டின் 'ஃபீல் இட் ஸ்டில்' 20 வாரம் நின்றது. அந்த வரிசையில் வார்ப்டு டூர் பையன்கள் போய் நின்றார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அந்தப் பட்டியலில் அவர்களுக்கு அதுதான் முதல் முதலிடம். ஆரம்பித்துப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது.

எல்லா வகைப் பாட்டுகளும் சேர்ந்து போட்டியிடும் பில்போர்ட் ஹாட் 100-ல் 55-ஆம் இடம் வரைதானே போனது என்று நண்பர் கேட்டார். ஆமாம், 55தான். ராப்பும் பாப்பும் நிரம்பிய அந்தப் பட்டியலில் ஒரு கிட்டார் பேண்ட் 55-ஐத் தொடுவது லேசான காரியமா?

சரி, பிளாக்பேர் விஷயத்துக்கு வருகிறேன். விருந்தாளியைக் கூப்பிட்டால் ஹிட் ஆகிவிடும் என்றால் இவர்கள் எப்போதோ ஹிட் ஆகியிருக்க வேண்டும். 2013-ல் பியர்ஸ் தி வெயில் பேண்டின் விக் ஃபுவென்டஸைக் கூப்பிட்டார்கள். 2015 ஆல்பத்தில் பிளிங்க்-182-வின் மார்க் ஹாப்பஸ் பாடினார், குட் ஷார்லட்டின் ஜோயல் மேடன் பாடினார். பாப்-பங்க் கேட்கிறவர்களுக்கு ஹாப்பஸ் பெயரைவிடப் பெரிய பெயர் உண்டா? எல்லாமே நல்ல பாட்டுகள். ஆனால் அவர்களெல்லாம் அதே வீட்டு ஆட்கள். பிளாக்பேர் பக்கத்துத் தெருவிலிருந்து வந்தவர்: ஆர்&பி, ராப், ஜஸ்டின் பீபரின் 'பாய்ஃபிரெண்ட்' பாட்டை எழுதியவர்களில் ஒருவர். அவருடைய 'ஹாட் கேர்ள் பம்மர்' பாட்டு வந்து நன்றாக ஓடிக்கொண்டிருந்த நேரம்.

இந்த இரண்டு தெருவுக்கும் நடுவில் ஆண்ட்ரூ கோல்ட்ஸ்டீன் என்று ஒருவர் இருந்தார். ஒரு காலத்தில் தி ஃபிரைடே நைட் பாய்ஸ் என்ற பாப்-பங்க் பேண்டில் பாடியவர். பிறகு பாட்டெழுதி, தயாரிப்பாளராகி, பிளாக்பேரோடு நிறைய வேலை செய்தவர். 'மான்ஸ்டர்ஸ்' உருவானதிலும் அவர் கை இருக்கிறது. இரண்டு பக்கத்துப் பாஷையும் தெரிந்த ஒருவர் கூடவே இருந்ததால்தான், முடிந்த பாட்டில் கடைசியாக ஒரு ராப்பரைச் செருகிய மாதிரி இது கேட்கவில்லை என்று நான் நம்புகிறேன்.

ஹெட்போன் போட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் அலெக்ஸ் கிட்டத்தட்ட முணுமுணுக்கிறார். தாளம் பாப் தாளம், கிட்டார் அடக்கமாக இருக்கிறது. பூதங்கள் ஏன் ராத்திரியில் மட்டும் வெளியே வருகின்றன என்று கேட்கும் பல்லவி வந்ததும் மூடியிருந்த கதவைத் திறந்த மாதிரி எல்லாம் ஒன்றாகப் பாய்கிறது. அது தூய பாப்-பங்க். அடுத்து பிளாக்பேர் வருகிறார். பாதி பாட்டு, பாதி பேச்சு, குரலில் ஒரு சோர்வு. அலெக்ஸ் இத்தனை உயரத்தில் கத்திய வலியை இவர் படுக்கையில் புரண்டுகொண்டே சொல்வதுபோல் இருக்கும். அதற்குப் பிறகு பல்லவி திரும்ப வரும்போது முன்பைவிட வலிக்கிறது. அந்த வலியைக் கூட்டத்தான் பிளாக்பேர் வந்தார். அதை இரவல் வெளிச்சம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இந்தப் பாட்டு இருக்கும் ஆல்பம் வந்த தேதியையும் பாருங்கள்: 2020 ஏப்ரல் 3. உலகமே கதவைச் சாத்திக்கொண்ட வாரம். ரோட்டில் வளர்ந்த பேண்டுக்கு ரோடே இல்லை. மொட்டைமாடியில் இருட்டில் நடந்துகொண்டு நான் அதை முதல்முறை கேட்டேன். பகலெல்லாம் சமாளித்துவிட்டு ராத்திரியானால் பயம் பிடிக்கிற நாட்கள் அவை. எங்கோ அமெரிக்காவில் அதற்கு முன்பே எழுதி முடித்த பாட்டு, என் அன்றைய ராத்திரியை அப்படியே சொன்னது. முன்பின் தெரியாத ரேடியோ நேயர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் போல.

அந்த டிசம்பரில் பாப் நட்சத்திரம் டெமி லொவாட்டோ சேர்ந்து பாடிய வடிவமும் வந்தது. டெமியின் குரலில் குறையே சொல்ல முடியாது. ஆனாலும் இரண்டு பேர் பாடிய முதல் வடிவம்தான் எனக்கு நெருக்கம். மூன்றாவது குரல் வந்ததும் அந்தத் தனிமை கொஞ்சம் கரைந்துவிடுகிறது.

ஆனால் என் அண்ணன் மகள் இந்தப் பேண்டுக்குள் வந்தது டெமி வழியாகத்தான். பாட்டை நாலு தடவை போட்டுக் கேட்டுவிட்டு, "இது புது பேண்டா சித்தப்பா?" என்றாள். 2007-ல் வந்த 'டியர் மரியா, கவுன்ட் மீ இன்' பாட்டை எடுத்து, சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அது முடியும் வரை அவள் போனைத் தொடவில்லை.