பிரெஞ்சு தாடியைக் கண்டுபிடித்தவர் வான் டைக்கா?

‘பிரெஞ்சு ஓவியர் வான் டைக் உருவாக்கியதுதான் பிரெஞ்சு தாடி; இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸுக்கு அவரே அதை வைத்துவிட்டார்’ என்று ஒரு பதிவு கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு வரிகூடத் தேறாது.

முதலில், அந்தோனி வான் டைக் பிரெஞ்சுக்காரரே அல்லர். 1599-இல் ஆன்ட்வெர்ப்பில், இன்றைய பெல்ஜியத்தில், பிறந்தவர். அவர் சார்லஸின் அரசவை ஓவியரானது 1632-இல். ஆனால் டேனியல் மைட்டன்ஸ் என்ற ஓவியர் 1629-இல் தீட்டிய சார்லஸின் படத்தைப் பாருங்கள்: முறுக்கிய மீசை, மழித்த கன்னம், முகவாயில் கூரான சிறு தாடி. எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. அக்காலத்தில் அது ஐரோப்பிய மேட்டுக்குடியின் பொது வழக்கம். பிரான்சின் கார்டினல் ரிஷ்லியூவும் அப்படித்தான் வைத்திருந்தார்.

பிறகு ஏன் ஆங்கிலத்தில் அந்தத் தாடிக்கு ‘வான் டைக்’ என்று அவர் பெயர்? அவர் தூரிகையின் செல்வாக்குதான் காரணம். சார்லஸின் முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் முக்கால் திருப்பத்திலுமாக ஒரே படத்தில் மூன்று முறை வரைந்தார். ரோமில் இருந்த சிற்பி பெர்னினி மன்னரை நேரில் பார்க்காமலே மார்பளவுச் சிலை செதுக்க அனுப்பப்பட்ட படம் அது. சிலை 1698 வொயிட்ஹால் அரண்மனைத் தீயில் அழிந்தது, படம் இன்றும் இருக்கிறது. வான் டைக்கும் தம் முகத்தில் அதே பாணியைத்தான் வைத்திருந்தார். வரைந்தவர் பெயர் தாடிக்கு ஒட்டிக்கொண்டது, அவ்வளவே.

பிரான்சோடு உண்மையிலேயே பெயர் சேர்ந்த தாடி வேறு: பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் மீசையோடு கீழுதட்டுக்குக் கீழே கூராக வைத்திருந்த ‘இம்பீரியல்’.