சென்டரிங்கை எப்போது பிரிப்பது?
தளம் போட்ட ஒரு வாரத்தில் சென்டரிங்கை, அதாவது கான்கிரீட்டைத் தாங்கும் பலகைகளையும் முட்டுகளையும், பிரிக்கலாம் என்று கட்டுரையில் பொத்தாம்பொதுவாகச் சொல்லியிருக்கிறீர்கள். வீடு கட்டுகிறவர்கள் இதை அப்படியே நம்பினால் ஆபத்து. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 (2000) விதிப்படி, தாங்கும் சுவர்களுக்கோ பீம்களுக்கோ நடுவே 4.5 மீட்டர், அதாவது ஏறக்குறைய 15 அடி வரை இடைவெளியுள்ள தளத்துக்குத்தான் முட்டு எடுக்க 7 நாள். அதைத் தாண்டினால் 14. பீமுக்கு 6 மீட்டர் வரை 14, அதற்கு மேல் 21. இதுவும் ஓ.பி.சி. எனும் சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு. பலரும் வாங்கும் பி.பி.சி. (சாம்பல் போன்றவை கலந்த போசலோனா சிமெண்ட்) மெதுவாகத்தான் வலுப்பெறும், இன்னும் சில நாள் விட வேண்டும். தூணின் பக்கப் பலகையை மட்டும் மறுநாளே கழற்றலாம்.

அப்புறம், எடுக்கும் வரிசை. இதைத்தான் யாரும் எழுதுவதில்லை. அறைத் தளத்தில் நடுவிலிருந்து சுவரை நோக்கி எடுக்க வேண்டும். சன்ஷேடு, பால்கனியில் வெளி நுனியிலிருந்து சுவரை நோக்கி. அங்கே பாரத்தைத் தாங்கும் கம்பி மேல்பக்கம்தான் இருக்கும், அடிப்பக்கம் இருக்காது. சுவரோரச் சவுக்கு முட்டுகளைத் தட்டிவிட்டு நுனியில் ஒன்றை விட்டுவைத்தால் பாரம் திசைமாறி அடிப்பக்கம் வெடிக்கும்.

பலகை வாடகை ஏறுகிறதே என்று மேஸ்திரி அவசரப்படத்தான் செய்வார். பெரிய பீம் இருந்தால், வாடகை பேசும்போதே 21 நாளுக்குப் பேசிவிடுங்கள்.